ஊர் சுத்தப் போறவங்களுக்குச் சின்ன கேமரா: கேட்டதும் சொன்னதும்

லீவு நெருங்க நெருங்க எல்லாரும் கேமரா பத்தியே கேக்கறீங்க, தனித்தனியா சொல்லி முடியாதுங்க, அதான் கேட்டதையெல்லாம் ஒண்ணாப் போட்டு பதில் சொல்லிடறேன். பதினஞ்சு வருசத்துக்கு மேல இந்தச் சின்ன கேமராவைத்தான் சட்டைப் பையில போட்டுட்டு சுத்தறேன், பெரிய கேமராவும் ஊட்டுல இருக்குது, ஆனா அது பாதி நாள் பீரோவுலதான் கெடக்குது. மொதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். பையில அடங்கோணும், தூரத்துல இருக்கறது கிட்ட வரோணும், இருட்டுலயும் நல்லா விழோணும், இந்த மூணும் ஒரே கேமராவுல கெடைக்காதுங்க, ரண்டுதான் கெடைக்கும். எதை விடறதுன்னு நீங்க முடிவு பண்ணிட்டா மாடல் தேடறது நெம்பச் சுலபம்.

கேள்வி (திருப்பூர்ல இருந்து ஒரு தம்பி): அண்ணா, கையில நல்ல போன் இருக்குது, அப்பறம் எதுக்குண்ணா கேமரா? பனியன் கம்பெனி போனஸ் வருது, வாங்கலாமா வேண்டாமான்னு ரோசனையா இருக்குது.

பதில்: தம்பி, பகல்ல அகலமா ஒரு காட்சி எடுத்து சொந்தக்காரங்களுக்கு வாட்ஸப்புல தாட்டி விடறதுதான் வேலைன்னா வாங்காதீங்க, போனே போதும். வெல கம்மியா கெடைக்குதுன்னு சின்ன சென்சார் (வெளிச்சத்தைப் புடிச்சுப் படமாக்கற சில்லு) கேமரா வாங்கினா ஏமாந்துருவீங்க, இப்ப வர்ற நல்ல போனோட மெயின் கேமரா சென்சாரே அதைவிடப் பெருசு. கேமரா எங்க ஜெயிக்குதுன்னா லென்ஸே நகந்து தூரத்தைக் கிட்ட இழுக்கற நெசமான ஆப்டிகல் ஜூம்ல, கையில புடிக்கறதுக்கு தோதான உருவத்துல, அப்பறம் போன் சார்ஜ் தீராம இருக்கறதுல. டிக்கெட்டு, மேப்பு, பணம் எல்லாமே போன்லதான் இருக்குது, சாயங்காலம் நாலு மணிக்கே அது செத்துப்போச்சுன்னா ஊர் தெரியாத எடத்துல திண்டாட்டம்தான். இந்த மூணும் உங்களுக்கு வேணும்னா வாங்குங்க.

கேள்வி (ஈரோடு, ரிட்டயர் ஆன வாத்தியார் ஒருத்தர்): நானும் ஊட்டுக்காரியும் காசி, ராமேஸ்வரம்னு போகப்போறோம். கடையில ஒரு இன்ச் சென்சார்ங்கறாங்க, 1/2.3 இன்ச்ங்கறாங்க, ஒண்ணும் வெளங்கலீங்க.

பதில்: ஐயா, இதுதான் எல்லாத்துக்கும் அடிப்படை, கொஞ்சம் நிதானமா சொல்றேன். மழை பேயறப்ப வாசல்ல ஒரு டம்ளரும் ஒரு அண்டாவும் வெச்சா எதுல எச்சாத் தண்ணி சேரும்? சென்சாரும் அப்படித்தான், வெளிச்சத்தைப் புடிக்கற பாத்திரம். 1/2.3 இன்ச் சென்சார்ங்கறது சுமாரா 6.17க்கு 4.55 மில்லிமீட்டர். ஒரு இன்ச்சுன்னு சொல்றது 13.2க்கு 8.8 மில்லிமீட்டர். பரப்பளவைப் பெருக்கிப் பாத்தா நாலு மடங்கு. அளந்தா எங்கயுமே ஒரு இன்ச் வராது, அந்தக் காலத்து வீடியோ கேமரா குழாயோட வெளிச்சுத்து அளவுல இருந்து வந்த பேரு அது, அப்படியே நெலச்சுப்போச்சு.

உங்களுக்கு விடியக்காலம் கங்கைக்கரை, அந்தி மசங்கற நேரம் ஆரத்தி, வெளக்கு வெளிச்சம், இதெல்லாம்தான் முக்கியம். அப்ப ஒரு இன்ச்சுக்குக் கீழ போவாதீங்க. அதுலயும் லென்ஸோட எஃப் நம்பரை, அதாவது லென்ஸ் எத்தனை அகலமாத் தொறக்குதுங்கற அளவைப் பாக்கோணும். சோனி ஆர்எக்ஸ்100 வரிசையில 3, 4, 5 மாடலெல்லாம் 24-70 லென்ஸ் (மில்லிமீட்டர் கணக்கு, சின்ன நம்பர் அகலமான காட்சிக்கு, பெரிய நம்பர் தூரத்தை இழுக்கறதுக்கு), எஃப் 1.8ல தொடங்குது. 2019ல வந்த 7வது மாடல் 24-200 வரைக்கும் இழுக்கும், ஆனா தொடக்கமே எஃப் 2.8. நம்பர் கொறைய கொறைய வெளிச்சம் எச்சா, 1.8ங்கறது 2.8ஐ விட ரண்டு மடங்குக்கு மேலயே வெளிச்சத்தை உள்ள விடும். புதுசு, ஜூம் எச்சான்னு கடைக்காரர் 7ஐ எடுத்து நீட்டுவார், உங்க வேலைக்கு பழைய 3ஓ 5ஓ, இல்லாட்டி கேனான் ஜி7எக்ஸ் மார்க் 2ஓ 3ஓ இருந்தாலே நல்லா இருக்கும். அதுல 24-100, எஃப் 1.8ல இருந்து 2.8. கோயிலுக்குள்ள படம் எடுக்கலாமா கூடாதான்னு வாசல்லயே கேட்டுக்கோங்க, கூடாதுன்னா பையில போட்டுருங்க, சாமி கும்படறதுதான் மொதல்ல.

கேள்வி (பொள்ளாச்சி, ஒரு அம்மிணி): ஏனுங்ணா, வால்பாறை போறப்ப வரையாடு, சிங்கவால் கொரங்கு, இருவாச்சிப் பறவை எல்லாம் எடுக்கோணும்னு ஆசை. 30 எக்ஸ் ஜூம்னு போட்டிருக்கறதை வாங்கட்டுங்களா?

பதில்: அம்மிணி, மொதல்ல அந்த எக்ஸ் என்னன்னு பாத்துக்கலாம். அது தூரமில்லை, ஒரு கணக்கு. லென்ஸோட பெரிய நம்பரை சின்ன நம்பரால வகுத்தா வர்றது. பானசோனிக் டிஇசட்90 24-720, அதனால 30 எக்ஸ். அந்த 720 தான் நீங்க பாக்க வேண்டியது. பையில அடங்கற கேமராவுக்கு இத்தனை ஜூம் எப்படி வருதுன்னா சென்சாரைச் சின்னதாக்கித்தான் வருது, அதான் 1/2.3. அத்தோட கடைசி வரைக்கும் இழுத்தா எஃப் 6.4 ஆயிருது, வெயில் நல்லா இருந்தா அருமையா விழும், மூடாக்கா இருந்தா பொரிபொரியா வரும்.

இப்ப உங்க ஆசைக்கு வாங்க. வரையாடு ஆழியாறுல இருந்து ஏறறப்ப ஒம்பதாவது கொண்டையூசி வளைவுப்பக்கம் ரோட்டோரமாவே வந்து நிக்கும், அதுக்கு 200 போதும். வால்பாறைக்குப் பக்கத்துல புதுத்தோட்டத்துல சிங்கவால் கொரங்கும் ரோட்டுக்கு மேல மரத்துலயேதான். அதுக்கு முறுக்கு, பழம்னு ஒண்ணும் குடுத்துராதீங்க, தீனிக்குப் பழகி ரோட்டுக்கு எறங்கி வண்டியில அடிபடுது, அதைப் பாத்துட்டு வந்து எனக்கு ரண்டு நாள் சோறு எறங்கலை. இருவாச்சி மட்டும் ஒசந்த மரத்து உச்சியில, நெகுநெகுன்னு எலை மறைவுல இருக்கும், அதுக்கு 720 கூட சில நேரம் பத்தாது. அதை பைனாகுலர்ல பாத்துக்குங்க, படத்துக்கு வரையாட்டையும் கொரங்கையும் வெச்சுக்குங்க, அப்ப ஒரு இன்ச் சென்சார்ல 200 வரைக்கும் போற கேமரா போதும், மூடுபனியிலயும் கைவிடாது. எதை வாங்கினாலும் மெனுவுல போயி டிஜிட்டல் ஜூமை ஆஃப் பண்ணிருங்க, அது படத்தை வெட்டிப் பெருசாக்கறது, அவ்வளவுதான்.

கேள்வி (மேட்டுப்பாளையம்): மலை ரயில்ல போறப்ப எல்லாப் படமும் கலங்கலாவே வருதுங்க.

பதில்: ரயிலு மெதுவாத்தான் போகுது, ஆனா ஆடுது, கிட்ட இருக்கற பாறை வேகமா ஓடுது, உங்க கேமரா ஆட்டோவுல நெழலுக்குத் தக்கன ஷட்டர் (வெளிச்சத்தை உள்ள விடற கதவு) வேகத்தைக் கொறச்சுக்குது. ஷட்டர் ப்ரையாரிட்டின்னு ஒரு மோடு இருக்கும், எஸ்னு இல்லாட்டி டிவின்னு போட்டிருக்கும், அதுல 1/500 நொடி வெச்சுட்டு, வெளிச்சத்தை ஏத்திக்கற அளவான ஐஎஸ்ஓவை ஆட்டோவுல விட்டுருங்க. கேமராவுல இருக்கற ஸ்டெபிலைசர் உங்க கை ஆடறதைத்தான் சரிபண்ணும், ஓடற பாறையை நிறுத்தாது. கைவாரை மணிக்கட்டுல மாட்டாம சன்னல் பக்கம் கொண்டே போவாதீங்க, கையை வெளிய நீட்டவும் வேண்டாம், மொத்தம் 16 குகை இருக்குது அந்த 46 கிலோமீட்டர்ல. குகையில இருந்து வெளிய வந்த ஒடனே ஒரு நொடி படம் வெள்ளையாப் போயிரும், கேமரா கண்ணு பழகட்டும், அப்பறம் அமுக்குங்க. இன்னொண்ணு, மலை ஏறறப்ப எஞ்சின் பொறகால இருந்துதான் தள்ளும், அதனால வளைவுல பெட்டியோட சேத்தி எஞ்சினும் பொகையும் வேணும்னா முன்னாடி பெட்டியில எடம் புடிச்சு பின்னாடி பாத்து எடுக்கோணும். 1908ல ஊட்டி வரைக்கும் போட்ட தடம், அதுல கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவுல பல்சக்கரத்துல ஏறறதுதான் பாக்கறதுக்கே அழகு, சும்மா படமே எடுத்துட்டு இருக்காம சித்த நேரம் கண்ணாலயும் பாருங்க.

கேள்வி (காங்கயம்): எங்க மாட்டைப் படம் எடுத்தா வெள்ளை மாடு அழுக்கா தெரியுது, மயிலைக் காளை வெளுத்துப்போகுது. கேமரா கோளாறுங்களா?

பதில்: கோளாறு இல்லீங்க. கேமராவுக்கு மாடும் தெரியாது மனுசனும் தெரியாது, பாக்கற எல்லாத்தையும் சராசரியா ஒரு நடுச்சாம்பலா ஆக்கோணும்னு மட்டும்தான் அதுக்குத் தெரியும். வெள்ளை மாடு படம் பூரா நெறஞ்சா, அடடா வெளிச்சம் எச்சான்னு கொறச்சுருது, அழுக்கா வருது. கருத்த திமில் நெறஞ்சு நின்னா வெளிச்சம் பத்தலைன்னு ஏத்திருது, வெளுக்குது. அதுக்குத்தான் ப்ளஸ் மைனஸ் போட்ட பட்டன். வெள்ளை மாட்டுக்கு ப்ளஸ் 0.7, கருத்த காளைக்கு மைனஸ் 0.7. ஆடி மாசம் அந்தியூர் குருநாதசாமி தேர்ச் சந்தைக்கு மாடு குதிரை பாக்கப் போறவங்களும் இதைக் கத்துட்டுப் போனா பாதிப்படம் பொழைக்கும். எனக்குத் தெரிஞ்சு கேமராவுல எல்லாத்தையும்விட எச்சா உபயோகமான பட்டன் இது ஒண்ணுதான், இதைத் தொடாமயே பத்து வருசம் படம் எடுக்கறவங்களைப் பாத்தா மனசு கேக்க மாட்டேங்குது.

கேள்வி (நாமக்கல்): கொல்லிமலை ஆகாய கங்கையில தண்ணி பட்டு மாதிரி விழறாப்புல எடுக்க முடியுங்களா?

பதில்: முடியும். ஷட்டர் கால் நொடி வேணும், பகல்ல அத்தனை நேரம் தொறந்தா படம் வெந்துபோகும், அதுக்கு கருங்கண்ணாடி மாதிரி வெளிச்சத்தைக் கொறைக்கற என்டி ஃபில்டர் வேணும். ஜி7எக்ஸ் மார்க் 3ல அது உள்ளயே இருக்குது, ஆர்எக்ஸ்100 ஏழாவதுல இல்லை. பாறை மேல கேமராவை வெச்சு ரண்டு செகண்டு டைமர் போட்டு அமுக்குங்க, ஸ்டாண்டு வேண்டாம். படி நெறையங்க, வழுக்கும், நிதானம்.

கேள்வி (கோயமுத்தூர், செகண்டு ஹேண்டு வாங்கப்போற ஒருத்தர்): என்னென்ன பாத்து வாங்கோணும்?

பதில்: நான் ஒருவாட்டி ஏமாந்தேன், அதனால இதை மனசு விட்டுச் சொல்றேன். கடையில வெச்சு ரண்டு படம் எடுத்துப் பாத்தேன், பளிச்சுன்னு இருந்துச்சு, ஊட்டுக்கு வந்து அடுத்த வாரம் தாராபுரம் ரோட்டுல காத்தாடி எடுத்தா வானத்துல நாலு கரும்புள்ளி. எல்லாப் படத்துலயும் அதே எடத்துல. சென்சார் மேல தூசி. பெரிய கேமராவுல லென்ஸைக் கழட்டித் தொடச்சுக்கலாம், இதுல லென்ஸு கழறாது, பூராப் பிரிக்கோணும், கூலியே கேமரா வெலையில பாதி ஆயிப்போச்சு. அதனால எஃப் 8 இல்லாட்டி 11ல வெச்சு வெள்ளைச் செவுத்தையோ வானத்தையோ எடுத்துப் பெருசு பண்ணிப் பாருங்க, புள்ளி இருந்தா வேண்டாம்னு எந்திரிச்சு வந்துருங்க. பத்து தடவை ஆன் பண்ணி ஆஃப் பண்ணுங்க, ஜூமை முழுசா இழுத்து விடுங்க, கரகரன்னு சத்தம் வந்தாலோ லென்ஸ் எர்ரர்னு காட்டினாலோ வேண்டாம். டார்ச் அடிச்சு லென்ஸுக்குள்ள பாருங்க, செலந்திக்கூடு மாதிரி நூல்நூலாத் தெரிஞ்சா பூஞ்சை.

கேள்வி (அதே ஊர், காலேஜ் புள்ள): அங்கிள், பழைய சிசிடி (அந்தக் காலத்து சென்சார் வகை) கேமரா கலர் சூப்பர்னு ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் வாங்கறாங்க, எங்க சித்தப்பா ஊட்டுல ஒண்ணு கெடக்குது.

பதில்: சும்மா கெடைக்குதுன்னா தாராளமா எடுத்துக்கோ கண்ணு, அந்தக் கலரு, ஃப்ளாஷ் அடிச்ச மொகம், அதுக்குன்னு ஒரு அழகு இருக்கத்தான் செய்யுது. காசு போட்டு வாங்கறதுக்கு முன்னாடி கார்டைப் பாரு. 2006க்கு முன்னாடி வந்ததுல பெரும்பாலும் 2 ஜிபி எஸ்டி வரைக்கும்தான் எடுக்கும், ஒலிம்பஸ், ஃபூஜி பழசுல எக்ஸ்டி கார்டு, சோனியில மெமரி ஸ்டிக், இதெல்லாம் இப்பத் தேடிப்புடிக்கறதே பாடு. இருட்டுல அதுகிட்ட எதையும் எதிர்பாக்காதே.

கேள்வி (பல்லடம்): பேட்டரி எத்தனை வேணும்? ப்ளேன்ல கொண்டு போலாமா?

பதில்: ரண்டு. ஆர்எக்ஸ்100 ஏழாவதுக்கு கம்பெனிக் கணக்கே ஒரு சார்ஜுக்கு 260 படம்தான், ரிக்கோ ஜிஆர் 3ங்கற இன்னொரு சின்ன கேமராவுக்கு 200. ஸ்பேர் பேட்டரியைக் கைப்பையிலதான் வெச்சுக்கோணும், லக்கேஜுல போடக் கூடாது, முனை காசு சாவியோட ஒரசாம ஒரு கவர்ல போட்டுக்குங்க.

கேள்வி (சத்தியமங்கலம்): மழைக்காலத்துல கேமராவை எப்படி வெக்கறதுங்க?

பதில்: தோல் உறைக்குள்ள போட்டு பீரோவுல வெக்காதீங்க, பூஞ்சைக்கு அதைவிட நல்ல ஊடு கெடையாது. மூடி இறுக்கமான டப்பாவுல சிலிக்கா ஜெல் போட்டு வெச்சு, வாரத்துக்கு ஒருக்கா எடுத்து நாலு படம் எடுங்க. அரிசிக்குள்ள பொதைக்கறவங்க இருக்காங்க, வேண்டாங்க, தவுட்டுத்தூசி ஜூம் சந்துல ஏறிரும். ஏசி ரூமுல இருந்து வெளிய வர்றப்ப கேமரா பையிலயே கால் மணி நேரம் இருக்கட்டும், இல்லாட்டி லென்ஸுல ஆவி படியும். கொடிவேரியில எறங்கிக் குளிச்சுட்டே எடுக்கோணும்னா அதுக்குன்னு ஒலிம்பஸ் டிஜி-6 மாதிரி இருக்குது, 15 மீட்டர் ஆழம் வரைக்கும் தாங்கும், மூடி ரப்பர்ல ஒரு முடி சிக்கினாலும் தண்ணி உள்ள போயிரும், பாத்து மூடுங்க.

கேள்வி (கோபி, ஒரு பெரியவர்): எனக்குக் கை நடுங்குதுங்க. பேரனுக எடுத்தா நல்லா வருது, நான் எடுத்தா அசையுது. விட்டுரலாமான்னு இருக்குது.

பதில்: விட்டுராதீங்க ஐயா. கழுத்து வாரை மாட்டி, கேமராவை முன்னாடி நீட்டி வார் விறைப்பா இருக்கற மாதிரி புடிங்க, ரண்டு முழங்கையும் ஒடம்போட ஒட்டட்டும், பக்கத்துல தூணோ செவுறோ இருந்தா சாஞ்சுக்குங்க. பட்டனை வெடுக்குனு குத்தாம பாதி அமுக்கி நிறுத்தி, மூச்சை விட்டுட்டு மீதியை அமுக்குங்க. பர்ஸ்டுன்னு ஒரு மோடு இருக்குது, ஒரே அமுக்குல அஞ்சாறு படம் விழும், அதுல ஒண்ணாவது நின்னிருக்கும், பொழுதோட பேரனைக் கூப்புட்டு உக்கார வெச்சு மீதியை அழிச்சுக்கலாம்.