தென்றல் ஒரு பெயரா?

கேள்வி: பெண் குழந்தைக்குத் 'தென்றல்' என்று பெயர் வைக்க ஆசைப்படுகிறோம். 'காத்தையா கூப்பிடுவீங்க? லதா, சரிதா அப்படின்னு பேரு மாதிரி ஒரு பேரு வையுங்க' என்கிறார் மாமனார். உங்கள் கருத்து?

பதில்: லதா என்றால் கொடி. சரிதா என்றால் ஆறு. கொடியையும் ஆற்றையும் கூப்பிட மாமனார் தயார், காற்றுதான் ஆகாது! வடசொல்லின் பொருள் நம் காதில் விழுவதில்லை, தமிழ்ச் சொல்லின் பொருள் பளிச்சென்று விழுகிறது. அவருடைய சங்கடம் அவ்வளவுதான்.

சொல்லைப் பெயராக்குவது நேற்று வந்த பழக்கமும் அல்ல. பிறந்த பிள்ளை தங்காத வீட்டில், அடுத்ததைக் குப்பைமேட்டில் கிடத்தி எடுத்துக் 'குப்பம்மாள்' என்றார்கள். மதிப்பில்லாததை எமன் தொடமாட்டான் என்ற கணக்கு. வரிசையாகப் பெண்ணே பிறந்தால் 'போதும்பொண்ணு', இன்னும் கொடுமையாக 'வேண்டாம்'. சேதி சாமிக்கு; ஆயுள் முழுக்கச் சுமப்பவள் அந்தப் பெண். அதற்குத் தென்றல் எவ்வளவோ மேல். பிறகு தனித்தமிழ் வந்தது: வேதாசலம் தம் பெயரைத் துண்டு துண்டாக மொழிபெயர்த்து மறைமலை ஆனார். திராவிட இயக்கத்தில் நாராயணசாமி நெடுஞ்செழியனாகவும், ராமையா அன்பழகனாகவும் ஆனார்கள்.

மாமனார் கேட்க மறந்த ஒரு நியாயமான கேள்வி உண்டு. 'தென்றல் வந்தாள்' என்றால் புதிதாகக் கேட்பவர் ஒரு நொடி தடுமாறுவார். அஃறிணைச் சொல் அப்படியே பெயரானால் இது வரும். யாழ் யாழினியானதும், குழல் குழலியானதும், கயலோடு விழி சேர்ந்ததும் இதனால்தான். ஆனாலும் தென்றலோடு எதையும் ஒட்டாதீர்கள். 'தென்றலரசி' என்று பதிந்தாலும் வீட்டில் கூப்பிடப்போவது தென்றல் என்றுதான்.

உண்மையான தலைவலி ஆங்கில எழுத்தில் இருக்கிறது. தொடக்கத்தில் டி மட்டுமா, டி-எச்சா? நடுவில் என்-ஆரா, என்-டி-ஆரா? ஆக நான்கு விதமாக எழுதலாம். பிறப்புச் சான்றிதழில் ஒன்று, பள்ளியில் ஒன்று, ஆதாரில் ஒன்று என்று ஏறிவிட்டால் பாஸ்போர்ட் எடுக்கும்போது அலைவீர்கள். இன்றே ஒன்றைத் தீர்மானித்து, தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் கொண்டுபோய்க் கொடுங்கள். வாயால் சொன்னால் எழுதுகிறவர் தம் பழக்கப்படி எழுதுவார். பெயரில்லாமல் பிறப்பைப் பதிந்திருந்தால் 12 மாதத்துக்குள் கட்டணமின்றிச் சேர்க்கலாம். அதன்பின் 15 ஆண்டு வரை தாமதக் கட்டணம் உண்டு. ஒருமுறை ஏறிய பெயரை மாற்ற அரசிதழ் வரை போகவேண்டும். (கூட்டுப்பெயர் வைக்கிறவர்கள் தமிழிலும் கவனிக்க: 'தமிழ்ச்செல்வி'யின் ச் சான்றிதழில் அடிக்கடி காணாமல் போகிறது.)

மனம் மாறி வேறு சொல் தேடுவதானால், பெயர்ப்பட்டியல் போடும் இணையதளங்களை நம்ப வேண்டாம். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி இணையத்திலேயே கிடைக்கிறது. எந்தச் சொல்லையும் அதில் ஒருமுறை பாருங்கள். 'மறலி', 'ஞமலி' இரண்டும் காதுக்கு இனிமைதான். முதலாவது எமன், இரண்டாவது நாய்.