மறியலில் உயிர் போனால் வழக்கு யார் மேல்? டெல்டா வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்

மன்னார்குடி: சார், என் தம்பி மறியலில் உட்கார்ந்திருந்தான். பின்னாலிருந்து யாரோ எறிந்த கல்லில் பஸ் டிரைவர் இறந்துவிட்டார். தம்பி மேல் கொலை வழக்கு நிற்குமா?

எஃப்.ஐ.ஆரில் பெயர் வரலாம். நிற்குமா என்பது வேறு விஷயம். பாரதிய நியாய சன்ஹிதா 190 (பழைய இ.பி.கோ. 149) சொல்வது இதுதான்: ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்த சட்டவிரோதக் கூட்டத்தில் ஒருவர் பொது நோக்கத்துக்காகக் கொலை செய்தால், அல்லது அப்படி நடக்கக்கூடும் என்று மற்றவர்களுக்குத் தெரிந்திருந்தால், எல்லோரும் பொறுப்பு. கல் யார் கையிலிருந்து போனது என்று தெரியாவிட்டாலும் பொறுப்பு போகாது.

அதனால் நோக்கம் எப்போது மாறியது என்று பாருங்கள். வரும்போதே கல் மூட்டையும் பெட்ரோல் பாட்டிலும் வந்தனவா, முதல் கல் விழுந்ததும் தம்பி எழுந்து போனானா, 'அடிடா' என்று கத்தினானா? சும்மா வேடிக்கை பார்த்தவர் கூட்டத்தின் உறுப்பினர் ஆகமாட்டார். பெருங்கூட்ட வழக்குகளில் ஒருவரைத் தண்டிக்க இரண்டு, மூன்று சாட்சிகளாவது ஒரே மாதிரி சொல்ல வேண்டும் என்ற அளவுகோலை மசால்தி வழக்கில் உச்ச நீதிமன்றம் 1964இல் ஏற்றது. 2024 ஜூலை 1க்கு முன் நடந்த சம்பவம் என்றால் பழைய இ.பி.கோ.தான்.

கும்பகோணம்: கும்பல் வெறியில் செய்ததற்குத் தண்டனை குறையுமா?

குற்றம் குறையாது, தண்டனை குறையலாம். 2000 பிப்ரவரி 2 அன்று தர்மபுரியில் அரசியல் போராட்டத்தின்போது வேளாண் பல்கலைக்கழகப் பஸ் எரிக்கப்பட்டு மூன்று மாணவிகள் இறந்தார்கள். மூவருக்கு விதித்த மரண தண்டனையை 2010இல் உறுதிசெய்த உச்ச நீதிமன்றம், முன்திட்டம் இல்லை, கும்பல் வெறியில் நடந்தது என்று பார்த்து 2016இல் ஆயுளாகக் குறைத்தது. கூட இருந்த 25 பேருக்குக் கொலைக்கு அல்ல, மறித்தது, பொதுச் சொத்தைச் சேதப்படுத்தியது போன்ற குற்றங்களுக்கே சிறை. முதல் விசாரணையில் சாட்சிகள் பலர் பிறழ்ந்ததால் வழக்கே சேலத்துக்கு மாற்றப்பட்டது. உயிர் போன குடும்பம் கவனிக்க வேண்டிய இடம் அந்தச் சாட்சிப் பிறழ்வுதான்.

திருத்துறைப்பூண்டி: அண்ணே, வேன் பிடித்து, காசு கொடுத்து ஆள் கூட்டி வந்த தலைவர் அந்த இடத்திலேயே இல்லை. தப்பித்துவிடுவாரா?

கூட்டம் சட்டவிரோதமாகும் என்று தெரிந்தே கூலிக்கு ஆள் சேர்த்தால் பிரிவு 189(6) அவரையும் கூட்டத்தில் ஒருவராகவே நிறுத்தும். வேன் வாடகை ரசீது, பணம் அனுப்பிய யூபிஐ பதிவு, முதல் நாள் வாட்ஸ்அப் குரல் பதிவு மூன்றும் சேர்ந்தால் வலுவான சாட்சி. அமைதி ஊர்வலத்துக்கு ஆள் அழைத்தது மட்டும் குற்றமல்ல.

வேதாரண்யம்: மறியலில் ஆம்புலன்ஸ் நின்று நோயாளி இறந்தால்?

இங்கே பெரும்பாலும் சறுக்குவது காரணத் தொடர்பு. தாமதம்தான் உயிரை எடுத்தது என்று டாக்டர் திட்டமாகச் சொல்லாவிட்டால் 106 (அலட்சிய மரணம்) தள்ளாடும். தடுத்ததற்கான 126 மட்டும் மிஞ்சும். 108 அழைப்பு நேரம், வண்டியின் பயணப் பதிவு, மருத்துவமனையில் சேர்த்த நேரம் மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள்.

நாகப்பட்டினம்: போலீஸ் சுட்டு இறந்தால்?

கலையச் சொல்லி உத்தரவு, மறுத்தால் பலப்பிரயோகம் என்பது பி.என்.எஸ்.எஸ். (புதிய குற்ற விசாரணை முறைச் சட்டம்) 148. நல்லெண்ணத்தில் செய்ததென்றால் 151 பாதுகாக்கும், அரசு அனுமதியின்றி வழக்கும் நடத்த முடியாது. குண்டு முதுகில் பாய்ந்ததா, எத்தனை தூரத்திலிருந்து என்று பிரேதப் பரிசோதனை சொல்லும்; அதை வீடியோ எடுக்க எழுத்தில் கேளுங்கள். ஸ்டேஷனில் புகாரை வாங்காவிட்டால் 173(4)ன்படி எஸ்.பி.க்குப் பதிவுத் தபால், பிறகு மாஜிஸ்திரேட். மனித உரிமை ஆணையத்துக்கு ஓராண்டுக்குள் போக வேண்டும். உயர் நீதிமன்றம் என்றால் தஞ்சை மாவட்டத்துக்கு மதுரைக் கிளை. நாகை, திருவாரூர், மயிலாடுதுறைக்குச் சென்னை. இடம் மாற்றித் தாக்கல் செய்து நாட்களை இழக்காதீர்கள்.

பாபநாசம்: என் போனில் வீடியோ இருக்கிறது. என்ன செய்ய?

வாட்ஸ்அப்பில் அனுப்பிய பிரதி சுருங்கிவிடும், எடுத்த நேரமும் போய்விடும். மூலக் கோப்பு அந்தப் போனிலேயே இருக்கட்டும், வெட்டாதீர்கள், அழிக்காதீர்கள். புதிய சாட்சியச் சட்டம் 63(4) சான்றிதழில் ஹாஷ் எண் (கோப்பு மாறவில்லை என்று காட்டும் கைரேகை போன்ற குறியீடு) எழுத வேண்டும். முதல் பகுதி போன் வைத்திருப்பவர், இரண்டாம் பகுதி நிபுணர். எதிரே கடையில் சிசிடிவி இருந்தால் இன்றே போங்கள் அம்மா. நினைவகம் நிரம்பியதும் பழைய காட்சி மேல் புதியது பதிந்துவிடும்.