ஸ்லாட் கேன்யனில் கயிறு கட்டி இறங்கியிருக்கிறீர்களா? ட்ரெக்கிங் பழக்கம் மட்டும் இருந்தால் போதுமா?

ஒரே ஒரு தடவை இறங்கியிருக்கிறேன். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், ஸயான் தேசியப் பூங்காவுக்குள் இருக்கும் கீஹோல் கேன்யன். பழகினவர்களுக்கு அது பாலபாடம். எனக்கு இரண்டு முட்டியும் தோல் உரிந்தது.

ஸ்லாட் கேன்யன் என்பது மணற்பாறையை வெள்ளம் அறுத்து அறுத்து உண்டாக்கிய சந்து. ஆழம் மாடிக் கணக்கில் போகும். அகலம் சில இடங்களில் தோள் அளவுகூட இருக்காது. ஸயானில் இருப்பது நவாஹோ மணற்பாறை. ஏறத்தாழ 18 கோடி ஆண்டுகளுக்கு முன் பாலைவன மணல்மேடுகளாகக் கிடந்தது, இறுகிப் பாறையாகிவிட்டது. காற்று மணலைக் கொட்டிய சரிவுகள் சுவரில் சாய்ந்த கோடுகளாக இன்னும் தெரிகின்றன. பார்க்க வழுவழுவென்று இருக்கும். உரசிப் பார்த்தால்தான் அது உப்புத்தாள் என்று புரியும்.

என்னைக் கூட்டிப்போனவர் அலுவலகத்தில் எனக்கு சீனியர், மதுரைக்காரர், ஆறேழு வருடமாக இதே வேலையாகத் திரிபவர். ஸயானுக்குள் காசு வாங்கிக்கொண்டு கேன்யனில் இறக்கிவிடும் வழிகாட்டிகளுக்கு அனுமதி கிடையாது. பெர்மிட் எடுத்து நாமேதான் போக வேண்டும். அதனால் கூட வருபவருக்குத் தொழில் தெரிந்திருக்க வேண்டும்.

சாலையோரம் காரை விட்டுவிட்டு, வெயிலில் வெட்சூட்டை (குளிர்ந்த நீரில் உடம்புச் சூட்டைக் காக்கும் ரப்பர் உடை) தூக்கிக்கொண்டு வழுக்குப்பாறையில் கொஞ்சம் ஏற்றம். பிறகு சந்துக்குள். முதலில் கயிறு தேவைப்படவில்லை. முதுகை ஒரு சுவரிலும் காலை எதிர்ச்சுவரிலும் முட்டுக்கொடுத்து, பல்லி மாதிரி இஞ்ச் இஞ்சாக இறங்கினோம். முதுகுப்பை சுவரில் சிக்கிக்கொண்டால் அதைக் கழற்றிக் காலுக்குக் கீழே தொங்கவிட வேண்டும்.

கயிற்றில் இறங்கும் இடங்கள் மூன்று, எல்லாமே சுமார் 30 அடிக்குள். உயரம் என்னைப் பயமுறுத்தவில்லை. பயம் வந்தது முதல் இறக்கம் முடிந்த பிறகுதான். கயிறு மேலே பாறையில் பதித்த போல்ட்டில் இருக்கும் வளையத்துக்குள் நுழைந்து இரட்டையாகத் தொங்கும். கடைசி ஆள் இறங்கியதும் கீழேயிருந்து ஒரு முனையை இழுப்பார்கள். மறுமுனை சரசரவென்று மேலே ஏறி, வளையத்தைத் தாண்டி, சளக்கென்று தண்ணீரில் விழும். அந்த 'சளக்' கேட்டதும் வயிற்றைக் கலக்கியது. வந்த வழி அதோடு மூடிவிட்டது. ட்ரெக்கிங்கில் முட்டி வலித்தால் திரும்பி நடக்கலாம், மழை வந்தால் திரும்பலாம், மனசு சரியில்லை என்றாலும் திரும்பலாம். இங்கே கயிற்றை உருவியபின் வெளியே வர ஒரே வழி, கீழே போவதுதான்.

இரண்டாவது இறக்கத்தில் என் கூத்து. "தம்பி, சட்டையை உள்ள விடு" என்று அண்ணன் இரண்டு முறை சொல்லியிருந்தார். வெட்சூட்டுக்கு மேலே தொளதொள டீஷர்ட், நான் விடவில்லை. பாதியில் சட்டை நுனியைக் கயிறு இறங்குகருவிக்குள் (இடுப்பில் மாட்டி, கயிற்றை உரசவிட்டு வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) இழுத்துக்கொண்டது. மேலேயும் போக முடியாது, கீழேயும் போக முடியாது. என் எடை முழுக்க அதன் மேல் இருப்பதால் இழுத்தாலும் வராது.

கீழே நின்ற அண்ணன் கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "பதறாத. காலை எதிர்ச்சுவருல வை, முதுகைச் சாய்" என்றார். வைத்தேன். எடை கயிற்றிலிருந்து சுவருக்கு மாறியது, கயிறு தளர்ந்தது, துணியைப் பிய்த்து எடுத்தேன். சந்து அகலமாக இருந்திருந்தால் இப்படி விடுபட்டிருக்க முடியாது. கீழே வந்ததும் அவர் ஒன்றும் சொல்லவில்லை. சட்டையைப் பார்த்துச் சிரித்தார், அதுவே போதுமானதாக இருந்தது.

கடைசியில் இருட்டுச் சந்தில் நீச்சல். வெளியே வெயில் கொளுத்துகிறது, உள்ளே பல் கிட்டிக்கிறது. சூரியன் எட்டிப் பார்க்காத தண்ணீர். வெட்சூட் இல்லாமல் போகலாம் என்று சொல்பவர்களை நம்பாதீர்கள்.

அங்கேதான் அண்ணாந்து பார்த்தேன். தலைக்கு வெகு மேலே இரண்டு சுவருக்கும் நடுவில் ஒரு மரக்கட்டை செருகிக் கிடந்தது. யாரும் வைத்ததில்லை, வெள்ளம் வைத்தது. கொட்டும் மழையைப் பாறை சட்டென்று குடிக்காது, மண்ணும் அதிகமில்லை. பெய்ததெல்லாம் சந்துக்குள் வந்துவிடும். 2015 செப்டம்பர் 14 அன்று இதே கீஹோலில் ஏழு பேர் கொண்ட குழு முழுவதும் வெள்ளத்தில் இறந்தது. 1997 ஆகஸ்டில் அரிசோனாவின் ஆண்டிலோப் கேன்யனில் 11 பேர். அங்கே மழை பெய்தது மைல்கணக்கில் தள்ளி. தலைக்கு மேல் நீலவானம் தெரிகிறதே என்று இறங்கக் கூடாது. அன்றைய திடீர்வெள்ள எச்சரிக்கை அளவைப் பூங்கா அலுவலகத்தில் கேளுங்கள். பெர்மிட் கையில் இருப்பதால் பாதுகாப்பு என்று அர்த்தமில்லை.

இனி உங்கள் கேள்வி. ட்ரெக்கிங் பழக்கம் மூச்சுக்கு உதவும், அவ்வளவுதான். கயிற்றில் இறங்குவது, நடுவில் கையை விட்டாலும் நிற்கும்படி பூட்டுவது, மாட்டிக்கொண்டால் விடுவித்துக்கொள்வது, இந்த மூன்றையும் பூங்காவுக்கு வெளியே ஒரு பயிற்சியாளரிடம் திறந்த பாறையில் கற்றுக்கொண்டு போங்கள். நான் மூன்றாவதைக் கற்காமல் போனேன். பழைய ஜீன்ஸ் ஒன்றை வெட்சூட்டுக்கு மேலே போட்டுக்கொள்ளுங்கள், வாடகை வெட்சூட் கிழிந்தால் காசு கேட்பார்கள். சட்டையை உள்ளே விடுங்கள்.