ஆடு போன வழியில் முள்கம்பி

கேள்வி: அமிர்தி பூங்காவில் கம்பிக்குள் மானைப் பார்த்து வந்தேன். எங்கள் ஊரிலோ, ஏரிக்கரைக்கு ஆடு ஓட்டிப் போகும் வழியில் கல் நட்டு முள்கம்பி இழுத்துவிட்டார்கள். இரண்டும் ஒன்றுதானே ஐயா?
- ஒரு வாசகர், அணைக்கட்டு

பதில்: இல்லை தம்பி. மான் இருக்கும் வேலிக்குள் தண்ணீரும் தீவனமும் தேடி வரும். உங்கள் ஆட்டுக்கு அதுகூட இல்லை. எங்கள் வெள்ளாடு ஒன்று அப்படிப்பட்ட கம்பியில் மடி கிழிந்து வந்தது. மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்துத் தடவிய அம்மா அன்று இரவு சாப்பிடவில்லை.

இங்கிலாந்திலும் இப்படித்தான். 1604 முதல் 1914 வரை 5,000க்கும் மேற்பட்ட சட்டங்கள் போட்டுப் பொதுநிலத்தை வேலிக்குள் கொண்டுபோனார்கள்.

சரி, உங்கள் வழிக்கு வருவோம். கம்பியை வெட்டிவிடாதீர்கள், வழக்கு உங்கள் மேல் திரும்பும். முதலில் கிராம நிர்வாக அலுவலரிடம், எந்த நிலம் என்ன வகை என்று சொல்லும் அ பதிவேட்டையும், நிலத்தின் அளவு வரைபடமான புலப்படத்தையும் பாருங்கள். மேய்க்கால் புறம்போக்கு, வண்டிப்பாதை என்று இருந்தால் தாசில்தாருக்கு மனு கொடுங்கள். கிராமப் பொதுநில ஆக்கிரமிப்பை அகற்றச் சொல்லி உச்ச நீதிமன்றமே 2011இல் உத்தரவிட்டிருக்கிறது. பட்டா நிலமாக இருந்தாலும் மனம் தளர வேண்டாம். 20 ஆண்டு தடையில்லாமல், உரிமையோடு நடந்த வழி என்றால் அடுத்தவர் நிலத்தில் வழி போன்ற உரிமைகளைச் சொல்லும் 1882ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டப்படி உரிமையியல் நீதிமன்றத்தில் கேட்கலாம். அந்த வழியில் நடந்த பெரியவர்களை இப்போதே சாட்சிக்குக் கேட்டு வையுங்கள்.