யாருடைய சைக்கிள்?

கேள்வி: மகள் இந்த முறை ஓ/எல் (சாதாரண தரப் பரீட்சை) எடுக்கிறாள். ஆங்கிலக் கட்டுரையில் ‘ஷீலா டோல்ட் மாலா தட் ஹேர் பைசிக்கிள் ஹாட் அ பங்ச்சர்’ என்று எழுதியிருந்தாள். ரீச்சர் ‘ஹேர்’ (அவளுடைய) என்ற சொல்லைச் சிவப்புப் பேனையால் வட்டமிட்டுக் கேள்விக்குறி போட்டிருக்கிறார். எனக்குப் பிழை ஒன்றும் விளங்கவில்லை. (ஒரு தாய், கொக்குவில்)

பதில்: இலக்கணம் சரிதான் அம்மா. ரீச்சர் கேட்பது, யாருடைய சைக்கிள் என்று. ஷீலாவும் பெண், மாலாவும் பெண், ‘ஹேர்’ இரண்டு பேருக்கும் பொருந்தும். பிள்ளை இதை முதலில் தமிழில் யோசித்திருப்பாள், அங்கே இந்தச் சிக்கல் வராது. ‘தன் சைக்கிளுக்குக் காற்றுப் போய்விட்டது என்று ஷீலா மாலாவிடம் சொன்னாள்’ என்றால் அது ஷீலாவின் சைக்கிள், முடிந்தது கதை. ஆங்கிலத்தில் அந்தத் ‘தன்’ இல்லை. போதாக்குறைக்கு நாங்கள் ‘வந்தாள், இருந்தாள், போனாள்’ என்று வினையிலேயே ஆளை ஒட்டிவிட்டுப் போய்விடுவோம். ஆங்கிலத்தில் வசனத்துக்கு வசனம் ‘ஷீ’ போடவேண்டும், நாலு வசனம் தாண்டினால் எந்த ‘ஷீ’ எவள் என்று எழுதியவளுக்கே தெரியாது.

எழுதி முடித்ததும் ஒவ்வொரு ‘ஹீ’, ‘ஷீ’, ‘இட்’, ‘தே’யிலிருந்தும் அது குறிக்கும் பெயருக்குப் பென்சிலால் ஒரு கோடு இழுக்கச் சொல்லுங்கள். கோடு இரண்டு பெயரில் முட்டினாலும், ஒன்றிலும் முட்டாவிட்டாலும் வசனத்தை மாற்றத்தான் வேண்டும். இங்கே ஷீலாவையே பேசவிடலாம்: ‘ஷீலா செட் டு மாலா, மை பைசிக்கிள் ஹாஸ் அ பங்ச்சர்.’ இல்லையென்றால் பெயரையே திரும்ப எழுதலாம், அதில் வெட்கம் இல்லை.

தொல்காப்பியரும் இதில் கை வைத்திருக்கிறார். இயற்பெயரும் சுட்டுப்பெயரும் (அவன், அவள் போன்றவை) சேர்ந்து வந்தால் பெயர் முதலில், சுட்டு பின்னால் என்கிறார். செய்யுளில் மட்டும் மாறி வரலாமாம். ஆங்கிலம் உரைநடையிலும் மாற்றிப் போடும்: ‘வென் ஹீ கேம் ஹோம், கண்ணன் வாஸ் டயர்ட்.’ மகள் இப்போதைக்குத் தொல்காப்பியர் பக்கமே நிற்கட்டும்.

அப்புறம், எங்கள் ‘அவர்’ என்ற சொல்லும் ஆளைக் கவிழ்க்கும். பக்கத்து வீட்டு அன்ரிக்காக ஒருமுறை ஆங்கிலத்தில் கடிதம் எழுதினேன். ‘டொக்டர் சொன்னார், அவர் பார்த்தார்’ என்று அன்ரி சொல்லச் சொல்ல நான் பக்கம் முழுக்க ‘ஹீ’ போட்டேன், கையெழுத்து வைக்கும்போதுதான் தெரிந்தது, டொக்டர் ஒரு பெண்.

கேள்வி: ‘எவ்ரிபடி’ ஒருமை என்று படித்தோம். பிறகு ஏன் ‘தெயர்’ போடுகிறார்கள்? (வாசகர், சாவகச்சேரி)

பதில்: ஆணா பெண்ணா என்று தெரியாதபோது ‘தே’யும் ‘தெயர்’உம் ஒருவருக்கும் வரும். புதுப் பழக்கம் என்று நினைக்காதீர்கள், 14ஆம் நூற்றாண்டிலேயே இருக்கிறது. ஒரே ஒரு ஆளை ‘வந்தார்’ என்று பலர்பால் விகுதி போட்டுச் சொல்லும் நாங்கள் இதைப் பார்த்து முகம் சுளிக்கலாமா?

கேள்வி: ‘இட் இஸ் ரெயினிங்’ என்பதில் ‘இட்’ எது? (அதே வாசகர்)

பதில்: எதுவும் இல்லை. எங்களுக்கு மழை பெய்கிறது, பெய்வது மழை. ஆங்கில வசனம் எழுவாய் இல்லாமல் நிற்காது என்பதற்காக அங்கே ஒன்றை நட்டு வைத்திருக்கிறார்கள். இதற்குப் பென்சில் கோடு இழுக்கப் போகாதீர்கள்.