கியருக்குப் பல் முளைத்தது எப்போது?

கேள்வி: கியர் என்றால் பல்சக்கரம் என்று படித்திருக்கிறோம். ஆனால் ஆங்கிலத்தில் மழைக்கோட்டும் கியர், மீன்வலையும் கியர், தலையில் அணிவதும் கியர். இது ஒரே சொல்லா? எழுத்துக்கூட்டல் மட்டும் ஒன்றான இரண்டு சொற்களா?

ஒரே சொல்தான். நாம் பின்னால் வந்த பொருளை முதலில் கற்றுக்கொண்டோம், அதுதான் குழப்பம். சாமான் என்பது மூத்த பொருள், பல்சக்கரம் இளையது.

1200-ஐ ஒட்டி இந்தச் சொல் ஆங்கிலத்தில் தலைகாட்டும்போது போர்வீரனின் கவசத்தையும் ஆயுதத்தையும் குறித்தது. அடுத்த நூறு, இருநூறு ஆண்டுகளில் உடுப்பு, வீட்டுத் தட்டுமுட்டு, குதிரைச் சேணம், தொழிலாளியின் கருவிகள் எனப் பரவியது. ஒரு வேலைக்கு வேண்டியதெல்லாம் சேர்ந்த தொகுதி என்பதே இவை அனைத்துக்கும் பொது. இயந்திரத்துக்குள்ளும் அப்படி ஒரு தொகுதி உண்டல்லவா? சக்கரம், தண்டு, நெம்புகோல் எல்லாம் சேர்ந்து ஒரே வேலையைச் செய்கின்றன. அதையும் கியர் என்றார்கள். அந்தக் கூட்டத்தில் எடுப்பாகத் தெரிந்தது பல்சக்கரம். 1520-களிலேயே அதற்குத் தனியாக இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. மொத்தத்தின் பெயர் உறுப்புக்கு வந்த கதை.

கேள்வி: ஆங்கிலத்தில் 'ஜெம்', 'ஜென்டில்' என்றெல்லாம் உச்சரிக்கிறோம். அதே 'ஜி', 'ஈ' எழுத்துகளில் தொடங்கும் கியர் மட்டும் ஏன் 'ஜியர்' ஆகவில்லை?

நல்ல வேளை ஆகவில்லை. ஆகியிருந்தால் ஏதோ மடத்துக்கு வழி கேட்பதுபோல இருந்திருக்கும்! விளையாட்டு இருக்கட்டும், இந்தச் சொல்லின் பிறப்பிடத்தைக் காட்டிக்கொடுப்பதே அந்த முதலொலிதான்.

ஜெம், ஜென்டில் இரண்டும் பிரெஞ்சு வழி வந்தவை, அதனால் ஜகர ஒலி. பழைய ஆங்கிலத்தின் சொந்தச் சொற்களில் இதே 'ஜி' எழுத்துக்குப் பின் எகர இகர உயிர்கள் வந்தால் பெரும்பாலும் யகரமாக மாறிவிட்டது. இன்றைய 'யெல்லோ', 'யெஸ்டர்டே', 'யார்ட்' எல்லாம் அன்று அந்த எழுத்தில் தொடங்கியவையே. 'தயார்' என்ற பொருளில் பழைய ஆங்கிலத்துக்கும் ஒரு சொந்தச் சொல் இருந்தது. அது விதிப்படி மாறி, மாலுமிகளின் பேச்சில் 'யேர்' என்று நின்றது. சுறுசுறுப்பாக, ஆயத்தமாக என்று பொருள். அதன் உடன்பிறப்பான கியர் மட்டும் ககரத்தை விடாமல் வைத்திருக்கிறது என்றால், அது வெளியிலிருந்து வந்திருக்க வேண்டும். ஸ்காண்டிநேவியர்களின் பழைய நார்ஸ் மொழியில் 'கெர்வி' என்றால் அணிகலம், உடுப்பு. 'கெட்', 'கிவ்' ஆகியவற்றின் அழுத்தமான ககரமும் அதே மொழியின் செல்வாக்குதான்.

இந்த வேர் ஜெர்மனிலும் உண்டு. சோறோ கறியோ பதமாக வெந்துவிட்டால் அங்கே 'கார்' என்பார்கள். தோலைப் பதப்படுத்துவதற்கு 'கெர்பன்'. ஆயத்தம், பதம் என்ற கருத்திலிருந்து கிளைத்தவை இவை. ஆங்கிலத்தில் 'கியர் அப்' என்றால் ஆயத்தமாகு என்று பொருள் கொள்கிறோமே, வேரில் கிடந்த அதே பொருள்!

கேள்வி: மின் நிலையத்தில் 'ஸ்விட்ச்கியர்' என்று எழுதியிருக்கிறது. உள்ளே பல்சக்கரம் எங்கே இருக்கிறது?

தேட வேண்டாம். அந்தப் பெயருக்கும் பல்லுக்கும் சம்பந்தமில்லை. சர்க்யூட் பிரேக்கர், ஐசொலேட்டர், ஃப்யூஸ், ரிலே, இவற்றை இணைக்கும் பஸ்பார் ஆகிய மொத்தத்துக்கும் சேர்த்து ஸ்விட்ச்கியர் என்று பெயர். சாமான் என்ற பழைய பொருள் அப்படியே நிற்கிறது.

ஒன்றை மட்டும் பிரித்தறிய வேண்டும். பிரேக்கரும் ஐசொலேட்டரும் பார்வைக்கு ஒரே வேலையைச் செய்வதுபோல இருக்கும். பிரேக்கர்தான் மின்னோட்டம் ஓடும்போதே அதைத் துண்டிக்கும். எழும் தீப்பொறி வில்லை அணைக்கும் ஏற்பாடு அதற்குள் இருக்கிறது. ஐசொலேட்டரில் அது கிடையாது. எனவே நிறுத்தும்போது முதலில் பிரேக்கர், பிறகு ஐசொலேட்டர்; திரும்பக் கொடுக்கும்போது முதலில் ஐசொலேட்டர், பிறகு பிரேக்கர். வரிசை மாறி, லோடு ஓடும்போதே ஐசொலேட்டரைத் திறந்தால் முனைகளுக்கு நடுவே வில் மூண்டு கருவியையும் எரிக்கும், ஆளையும் எரிக்கும்.

விமானத்தின் லேண்டிங் கியரும் இதே ரகம்: சக்கரம், கால், அதிர்வுதாங்கி, பிரேக் எல்லாம் சேர்ந்த தொகுதி. நீராவி ரயில் எஞ்சினில் நீராவிக்கு வழி திறந்து மூடும் வால்வுகளை இயக்கும் வால்வ் கியரும் அப்படியே. பெல்ஜியப் பொறியாளர் வால்ஷார்ட்ஸ் 1844-இல் உருவாக்கியது பெரும்புகழ் பெற்றது. அது முழுக்கத் தண்டுகளும் இணைப்புகளும்தான்.

கேள்வி: முதல் கியரை 'லோ கியர்' என்கிறார்கள். ஆனால் அதற்குத்தான் விகித எண் பெரிது என்கிறது வண்டிக் கையேடு. எது சரி?

இரண்டும் சரி. 'லோ' என்பது சக்கரத்தின் வேகத்தைச் சொல்கிறது, விகிதத்தை அல்ல. 12 பல் சக்கரம் 36 பல் சக்கரத்தைச் சுற்றுகிறது என்று வையுங்கள். விகிதம் 3:1. முன்னது மூன்று சுற்று சுற்றினால் பின்னது ஒரு சுற்று. வேகம் மூன்றில் ஒன்று. முறுக்குவிசை, உராய்வில் போனது நீங்கலாக, மூன்று மடங்கு. மேடேற இதுதான் வேண்டும்.

சைக்கிளில் கணக்கு தலைகீழ். முன்பல் 48, பின்பல் 16 என்றால் பெடல் ஒரு சுற்றுக்குச் சக்கரம் மூன்று சுற்று. அதைச் சக்கர விட்டமான 27 அங்குலத்தால் பெருக்கி '81 அங்குல கியர்' என்பது பழைய வழக்கு. பெடல் நேராக முன்சக்கரத்திலேயே இருந்த உயரச் சைக்கிள் காலத்தின் மிச்சம் அது. 81 அங்குல விட்டமுள்ள சக்கரத்தை நேரடியாக மிதிப்பதற்குச் சமம் என்று பொருள். ஒரு மிதிச் சுற்றுக்கு ஏறத்தாழ 6.5 மீட்டர் போகும். கறாராகப் பார்த்தால் சைக்கிளில் இருப்பது கியரே அல்ல, ஸ்ப்ராக்கெட். பல்லோடு பல் கடிப்பதில்லை, நடுவே சங்கிலி.

இன்னொன்றும் சொல்லிவிடலாம். 'கியர் மாற்றுவது' என்பதே இன்று பழம்பேச்சு. முற்காலக் கியர் பெட்டிகளில் பல்சக்கரத்தையே நகர்த்தி இன்னொன்றோடு கடிக்க வைத்தார்கள். இன்றைய மேனுவல் கார்ப் பெட்டிகளில் முன்னோக்கிய கியர்களின் சக்கரங்கள் நியூட்ரலில்கூட எப்போதும் கடித்தபடியே இருக்கும். நகர்வது ஸ்லீவ் எனப்படும் வளையம் மட்டும். எந்தச் சக்கரத்தைத் தண்டோடு பூட்டுவது என்பதை அது தீர்மானிக்கிறது. கிளட்சை முழுக்க மிதிக்காமல் மாற்றும்போது கேட்கும் 'கர்ர்' சத்தம் அந்த வளையத்தின் பூட்டுப்பற்கள் முட்டுவது. பல பெட்டிகளில் ரிவர்ஸ் மட்டும் பழைய முறையிலேயே இருக்கிறது: திசையைத் திருப்ப நடுவில் ஒரு சக்கரம் நகர்ந்து வந்து கடிக்கும். பற்கள் நேராக வெட்டப்பட்டவை, அதனால்தான் பின்னால் போகும்போது அந்த ஊளை. வண்டி உருண்டுகொண்டிருக்கும்போது ரிவர்ஸ் போட்டால் கடுமையாக உரசுவதும் இதனால்தான்.

கேள்வி: கியர், கிட், டேக்கிள், எக்யூப்மென்ட் எல்லாம் ஒன்றுதானே?

உறவினர்கள், ஆனால் ஆளுக்கொரு ஊர். கிட் டச்சு மொழியில் மரவாளி. பின்னர் சிப்பாய் தோள்பையில் அடைத்த பொருள்களுக்குப் பெயரானது. ஒரு பெட்டியிலோ பையிலோ அடங்கும் தொகுப்புக்கு இன்றும் அதுவே பொருத்தம். டேக்கிளில் கயிறும் கப்பியும் இருக்கிறது. கப்பல்காரர் சொல், தூண்டில்காரரிடமும் தங்கிவிட்டது. எக்யூப்மென்ட் பிரெஞ்சு வழி வந்தாலும், கப்பலைப் பயணத்துக்குத் தயார்செய்வது என்ற நார்ஸ் சொல்லிலிருந்து கிளைத்ததாகக் கொள்கிறார்கள்.

கேள்வி: 'கியர்ஸ்' என்று பன்மையில் எழுதலாமா?

பல்சக்கரத்துக்கு எழுதலாம். சாமானுக்கு வேண்டாம், முகாமுக்கு எடுத்துப்போகும் பொருள் எத்தனை இருந்தாலும் 'கியர்'தான். மீன்வளத் துறையினர் வலை, தூண்டில், பொறி என வகை பிரிக்கும்போது பன்மை போடுகிறார்கள். அது துறை வழக்கு.

கேள்வி: மொழிபெயர்க்கும்போது எல்லா இடத்திலும் 'பல்லிணை' என்று போடலாமா?

பல் இருக்கிற இடத்தில் மட்டும் போடுங்கள். லேண்டிங் கியரைத் 'தரையிறங்கு பல்லிணை' என்று எழுதினால் விமானம் பல்லைக் காட்டிக்கொண்டு இறங்கும். அது இறங்குசக்கரத் தொகுதி. மீன்பிடி கியர், மீன்பிடி சாதனம். ஸ்விட்ச்கியரை அப்படியே விட்டுவிடலாம். அந்த வேலை செய்பவர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். நிதிப் பக்கத்தில் 'கியரிங்' என்று வந்தால் நிறுவனத்தின் கடனைப் பங்கு முதலோடு ஒப்பிடும் விகிதம்: பங்கு முதல் 100 ரூபாய், கடன் 60 ரூபாய் என்றால் 60 சதவீதம். அதைக் 'கடன் விகிதம்' என்றே எழுதிவிடலாம்.