ஒரு மாதம், ஒரு லட்சம், எத்தனை தீவு?

கேள்வி: ஜூன் மாதம் முழுக்க விடுப்பு. விமான டிக்கெட் போக ஒரு லட்சம் ரூபாய் கையில் இருக்கும். இந்தோனேசியாவில் சுமத்ரா, ஜாவா, பாலி, கொமோடோ, ராஜா அம்பாட் எல்லாம் பார்த்துவிட முடியுமா? நான் சுத்த சைவம்.

பதில்: ஓடினால் முடியும். ஆனால் பாதி விடுப்பு விமான நிலையங்களில் போய்விடும். 17,000க்கும் அதிகமான தீவுகள், கிழக்கு மேற்காக 5,000 கிலோமீட்டருக்கு மேல். அங்கே சாப்பாடும் படுக்கையும் கையைக் கடிக்காது, கடல் தாண்டுவதுதான் கடிக்கும். அதனால் ஜகார்த்தாவில் இறங்கி, ஜாவாவை ரயிலில் கடந்து, பாலியிலிருந்து ஊர் திரும்புங்கள். ராஜா அம்பாட் அடுத்த போனஸுக்கு இருக்கட்டும்.

முதலில் விசா. இந்தியர்களுக்கு வந்திறங்கியதும் வாங்கும் விசா 5 லட்சம் ருபியா, நம் காசில் 3,000 ரூபாய்க்குள். 30 நாள் செல்லும். இறங்கிய நாளும் அதில் சேர்த்தி. ஒரு நாள் கூடினாலும் 10 லட்சம் ருபியா அபராதம். 28 நாளுக்குத் திட்டமிடுங்கள்.

ரயிலில்தான் மிச்சம் பிடிக்க வேண்டும். யோக்யகர்த்தாவிலிருந்து ஜாவாவின் கிழக்கு முனையான கெத்தாபாங்குக்கு ஸ்ரீ தஞ்சுங் ரயில் போகிறது. ஏறத்தாழ 13 மணி நேரம். அரசு மானியம் இருப்பதால் கட்டணம் ஒரு லட்சம் ருபியாவுக்கும் குறைவு. பழைய எகானமி பெட்டி என்றால் எதிரில் இருப்பவர் முழங்காலும் உங்கள் முழங்காலும் இடித்துக்கொண்டே வரும். அந்த விலைக்கு இது பரவாயில்லை. ஒன்று மட்டும் கவனம்: இந்த ரயில் ஊர் நடுவே இருக்கும் துகு நிலையத்தில் அல்ல, லெம்புயாங்கானில் புறப்படுகிறது. துகுவில் மூட்டையோடு காத்திருந்து வண்டியைக் கோட்டை விட்டவன் என்ற முறையில் சொல்கிறேன்.

ஒரே மூச்சாகப் போகாமல் புரோபோலிங்கோவில் இறங்கினால் புரோமோ எரிமலை. மலையேறும் வேன் ஆள் நிரம்பினால்தான் கிளம்பும். மதியத்துக்கு மேல் போனால் காலி இருக்கைகளுக்கும் சேர்த்துக் காசு கேட்பார்கள். காலையிலேயே போய் நில்லுங்கள். மேலே செமொரோ லாவாங் கிராமத்தில் தங்கினால் ஜீப் வேண்டாம். சூரியோதயம் பார்க்கும் இடத்துக்கும் எரிமலை வாய்க்கும் நடந்தே போகலாம். ஜூனில் விடியற்காலைக் குளிர் ஊட்டியை நினைவூட்டும், ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்து கெத்தாபாங் பக்கத்து ஈஜென் எரிமலை என்றால் மருத்துவச் சான்றிதழ் கேட்கிறார்கள். அடிவாரத்து ஊர்களிலேயே வாங்கிவிடலாம்.

சாப்பாட்டுக்கு வாருங் எனப்படும் சிறு கடைகள். சோறு, தெம்பே (புளிக்கவைத்த சோயாக் கட்டி), கீரை என்று கைகாட்டி வாங்கலாம். ஆனால் சம்பல் என்ற மிளகாய்த் துவையலில் பெரும்பாலும் இறால் விழுது இருக்கும், கேட்காமல் தொடாதீர்கள். அந்த விழுதுக்கு அவர்கள் சொல்லும் 'தெராசி' என்ற சொல்லை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

அப்புறம் ஏடிஎம். பல இயந்திரங்களில் பணம் முதலில் வரும், கார்டு பிறகுதான். நோட்டை எண்ணிக்கொண்டே நடையைக் கட்டிவிடாதீர்கள்.

கெத்தாபாங் நிலையத்திலிருந்து துறைமுகம் நடக்கும் தூரம். இரவு பகலாகப் படகு உண்டு. ஒரு மணி நேரத்துக்குள் பாலியின் கிலிமானுக். கப்பலுக்கு அவர்கள் மொழியில் 'கபால்', நம்மிடமிருந்து போன சொல்தான். அக்கரையில் இறங்கியதும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வையுங்கள். பாலி நேரம் வேறு.